லிவர் பஞ்சு மாதிரி அமுங்கினால்

முன் பிரேக் லிவரைப் பிடித்தால் கொஞ்ச தூரம் வந்து கெட்டியாக நிற்க வேண்டும். என் மோட்டார் சைக்கிளில் அது ஈரப் பஞ்சை அழுத்துகிற மாதிரி கைப்பிடி வரைக்கும் வந்துகொண்டிருந்தது. 1998இல் வந்த வண்டி, முன்னால் ஒற்றை டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "ஏர் பிடிச்சிருக்கு, ஏர் எடுத்தா சரியாயிடும்." எடுத்தேன். பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலை அது; ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அரை லிட்டர் பிரேக் ஆயில் தீர்ந்தது, லிவர் அசைந்து கொடுக்கவில்லை. அதாவது, அசைந்துகொண்டேதான் இருந்தது. அப்புறம்தான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, லிவர் என்ன சொல்கிறது என்று கவனித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

வண்டியை நிறுத்திவிட்டு, லிவரை வேகமாக நாலைந்து முறை பம்ப் செய்யுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் லிவர் முன்னைவிடச் சீக்கிரம் கெட்டிப்பட்டால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில், பேட்களை (டிஸ்க்கில் உரசும் கட்டைகள்) தள்ளும் பிஸ்டன் தேவைக்கு மேல் பின்வாங்குகிறது. அடுத்து, அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் விடாமல் இருங்கள். கைக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. வெளியில் எங்கேயும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (லிவருக்குப் பக்கத்தில் ஆயிலைத் தள்ளும் பாகம்) இருக்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. அதை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள். எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் அது தீராது. பம்ப் செய்தும் மாற்றமில்லை, இறங்கவும் இல்லை, ஆனால் எப்போதும் ஸ்பிரிங் மாதிரி துள்ளுகிறது என்றால் காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ஹோஸைப் பாருங்கள். இன்னொருவரை லிவர் அழுத்தச் சொல்லி ரப்பர் ஹோஸை விரல்களால் சுற்றிப் பிடித்தால், பழையது உப்புவது கையில் தெரியும். ஹோஸ் நன்றாக இருந்தால், ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்த பேட் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் ஒன்று: ஓட்டிவிட்டு முதல் அழுத்தலில் லிவர் நெடுந்தூரம் வருகிறது, இரண்டாவதில் சரியாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க் கோணியிருக்கிறது. சுழலும்போது அது பேட்களைத் தள்ளி, பிஸ்டனை உள்ளே அனுப்பிவிடுகிறது.

என்னுடையது முதல் வகை. பம்ப் செய்தால் ஏறும். ஆக, முதல் சந்தேகம் காற்று. எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் ஆயிலைப் பற்றி: ரிசர்வாயர் (மாஸ்டர் சிலிண்டரோடு இருக்கும் ஆயில் டப்பா) மூடியில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும். என் வண்டிக்கு டாட் 4 என்ற தர வகை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கோன், பெயரில் 5.1க்குச் சொந்தக்காரன் மாதிரி இருந்தாலும் இரண்டையும் கலக்கக் கூடாது. கிளைக்கால் வகை காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி இறங்கி வருகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும், ஆயிலுக்குள் ஆவிக் குமிழ் உண்டாகும், லிவர் தொளதொளத்துவிடும். காலையில் வண்டியை எடுக்கும்போது நன்றாக இருந்து, சூடானபின் பஞ்சாகும் பிரேக்கின் கதை இதுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். டேங்க் மேல் சொட்டினால் பெயின்ட் போய்விடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஏர் எடுக்கும் முறை பலருக்கும் தெரிந்ததே. காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் ரிங் ஸ்பேனர், அதன்மேல் தெளிவான பிளாஸ்டிக் டியூப், டியூபின் மறுமுனை கொஞ்சம் ஆயில் இருக்கும் பாட்டிலுக்குள். லிவரை அழுத்து, நிப்பிளைத் திற, ஆயில் வந்ததும் மூடு, அதற்குப் பிறகுதான் லிவரை விடு. இந்த வரிசை மாறினால் வெளிக்காற்றை நாமே உள்ளே அழைக்கிறோம். ரிசர்வாயர் காலியாகவே கூடாது. பழைய வண்டியில் லிவரைக் கைப்பிடியில் முட்டும்வரை அழுத்தவும் கூடாது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் இத்தனை வருடம் போகாத இடத்துக்குப் போகும், அங்கே துருவும் அழுக்கும் படிந்திருக்கும், நல்ல ரப்பர் கப்பும் கிழிந்துவிடும். நான் கைப்பிடிக்கும் லிவருக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் சொருகிவிட்டேன்.

நிப்பிளைத் தளர்த்தியதும் டியூபில் முடிவே இல்லாமல் பொடிக் குமிழ்கள் வந்தால் பயப்பட வேண்டாம். பாதி நேரம் அது நிப்பிளின் மரை வழியே நுழையும் வெளிக்காற்று. முதல் இரண்டு தடவையும் அந்தக் குமிழ்களைத்தான் விரட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவையும் தோற்ற பிறகு வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். என் ஹேண்டில்பார் முனைகள் வெளிப்பக்கம் தாழ்ந்தவை. அதனால் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் இணையும் உள்முனைதான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கிறது. காற்றின் சுபாவம் மேலே ஏறுவது. நான் அதைக் கீழே, காலிப்பர் வரைக்கும் இறங்கி வந்து வெளியேறு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆயில் அதன் அடியில் ஓடிப்போனது, குமிழ் வீட்டிலேயே இருந்தது.

சரி, மேலேயே வெளியேற்றலாம். வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து, ஹேண்டில்பாரை அங்கும் இங்கும் திருப்பி, ஹோஸ் முனை ரிசர்வாயரைவிடத் தாழ்வாக வரும் நிலையைத் தேடினேன். ஆயில் வழியாமல் பார்த்துக்கொண்டு மூடியைத் திறந்து, லிவரை ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் அசைத்தேன். ரிசர்வாயரின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். அதில் சின்னது ஊசிமுனை அளவு. அதிலிருந்து கடுகளவுக் குமிழ் ஒன்று கிளம்பியது. ஸ்பேனர் பிடியால் ஹோஸைத் தட்டினேன், இன்னும் இரண்டு. கால் மணி நேரம் இதே விளையாட்டு. (லிவரைச் சட்டென்று விட்டால் அந்தத் துளை ஆயிலை மேலே பீய்ச்சும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.)

குமிழ் நின்ற பிறகு ஹோஸைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றித் துணி கட்டி, லிவரை லேசாக அழுத்தியபடி போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தினேன். ஸ்ஸ் என்று ஒரு சத்தம். துணியில் வெறும் ஆயில் இல்லை, நுரை. லிவர் முழுசாக இறங்குவதற்குள் போல்ட்டை இறுக்கினேன். அடுத்த அழுத்தலில் லிவர் பாதியிலேயே நின்றது. மூன்று நாள் வேலைக்குக் கிடைத்த பதில் அந்த ஒரு ஸ்ஸ். போல்ட்டின் இரு பக்கமும் இருக்கும் வாஷர்கள் நசுங்கி அடைப்பவை. கழற்றினால் புதிதாகவே போடுங்கள்.

பாதியில் நின்றது நல்லதுதான், ஆனாலும் இன்னும் கொஞ்சம் மேலே நிற்கலாமே என்று பட்டது. காலிப்பரைக் கழற்றினேன். அது நகர வேண்டிய பின்களில் ஒன்று காய்ந்து இறுகியிருந்தது. இப்படி இருந்தால் காலிப்பர் நேராக நகராமல் முறுக்கிக்கொள்ளும், லிவரில் அது துள்ளலாகத் தெரியும். சுத்தம் செய்து சிலிக்கோன் கிரீஸ் தடவினேன். பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் சீல் உட்காரும் பள்ளத்திலோ வெள்ளைப் பொடி: அலுமினியம் அரித்த மிச்சம். அது சீலைப் பிஸ்டனோடு இறுக்கிவிடும், சீல் பிஸ்டனை அளவுக்கு மேல் பின்னால் இழுக்கும். மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்தேன். இரும்பு முனை பள்ளத்தைக் கீறிவிடும். ரப்பர்களைக் கழுவுவதற்குப் புது பிரேக் ஆயில் மட்டும் போதும். முன்பு ஒரு முறை புத்திசாலித்தனமாகப் பெட்ரோலில் ஊறவைத்து, ஒரு செட் சீல் முழுவதும் ஊதிப்போய், பள்ளத்தில் உட்காராமல் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

மறுபடி மாட்டி ஏர் எடுக்கும்போது நிப்பிள்தான் காலிப்பரின் உயரமான இடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காலிப்பரைக் கழற்றி, பேட்களுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு மரத்துண்டு வைத்து, நிப்பிள் மேலே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு எடுங்கள். நிப்பிளை முரட்டுத்தனமாக இறுக்காதீர்கள். உள்ளே துளை உள்ள போல்ட், ஒடிந்தால் அன்றைய பொழுது போயிற்று.

கடைசியாக, லிவரை அழுத்தி ஒரு ரப்பர் பட்டையால் கைப்பிடியோடு கட்டி இரவு முழுக்க விட்டுவிடுவேன். அழுத்தத்தில் குமிழ்கள் சுருங்கி, ஒட்டிய இடத்தை விட்டு மேலே ஏறும். காலையில் அவிழ்த்ததும் ரிசர்வாயருக்குள் போய்விடும். போல்ட், நிப்பிள் ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாளைச் சுற்றி வைப்பது அந்த இரவிலேயே முடிகிற இன்னொரு வேலை. காலையில் தாள்கள் காய்ந்திருந்தால், லிவரைக் கெட்டிப்படும்வரை பம்ப் செய்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே பத்தடியில் ஒரு முறை பிடித்துப் பாருங்கள். அப்புறம் சாவியைப் போடலாம்.