பழைய எஸ்.எல்.கே. வாங்கப் போகிறீர்களா? முதலில் கியர் வயரைக் கழற்றிப் பாருங்கள்

என்னிடம் இருப்பது மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல்.கே. 230. 1996 முதல் 2004 வரை வந்த முதல் வகை. பட்டனை அழுத்தினால் இரும்புக் கூரை ஏறக்குறைய 25 வினாடியில் டிக்கிக்குள் மடங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் இதை வைத்திருக்க முடியுமா என்று கேட்கிற தம்பிமாருக்குத்தான் இந்தப் பதிவு. முடியும். ஆனால் கையில் இருக்கிற காசு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். முதல் வருடத் திருத்த வேலைக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

படி 1: புக் (வாகனப் பதிவுப் புத்தகம்)

செசி நம்பர் WDB170 என்று தொடங்க வேண்டும். காரில் இருப்பதும் புக்கில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். லீசிங் கடன் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். தரகர் 'ஓப்பன் பேப்பர்தான், பெயரைப் பிறகு மாற்றலாம்' என்றால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்கள் பல கை மாறின, எல்லாக் கைகளும் புக்கில் இருக்காது.

படி 2: கியர்பெட்டி

எஞ்சினை எல்லோரும் பார்ப்பார்கள். சத்தம் கேட்டே பழுது சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் ஏ40, மொரிஸ் மைனர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஊர் இது. ஆனால் இந்தக் காரின் ஐந்து கியர் ஓட்டோ பெட்டிக்கு வரும் வருத்தம் காதுக்குக் கேட்காது.

பெட்டியின் பக்கத்தில் 13 பின் (ஊசி போன்ற உலோக முனை) உள்ள வட்ட பிளக் ஒன்று செருகியிருக்கும். அதற்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வயதாகி இறுகினால் கியர் ஒயில் கசியும். கீழே சொட்டினால் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். இந்த ஒயிலோ வயருக்குள்ளாலேயே ஊறி மேலே ஏறி, கியர் கணினிக்குள் போய்விடும். அதன்பிறகு கார் திடீரென்று இரண்டாம் கியரில் நின்றுகொள்ளும், மாறவே மாறாது. விற்கிறவர் எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணுவார், சரியாகிவிடும். 'பற்றரி கொஞ்சம் வீக் தம்பி' என்பார்.

சாவியை எடுத்துவிட்டு, கியர் கணினியில் செருகியிருக்கும் பிளக்கைக் கழற்றி, வெள்ளைத் துணி நுனியால் பின்களைத் தொட்டுப் பாருங்கள். துணி சிவந்தால் ஒயில் வந்துவிட்டது. அதற்காகக் காரை விடவேண்டியதில்லை, விலையைக் குறைக்கலாம். பிளக் அடப்டர் விலை குறைந்த சாமான், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் கேட்டுப் பாருங்கள். ஒறிஜினல் மட்டும் வாங்குங்கள். ஒயில், ஃபில்டர் மாற்றும்போதே அதையும் மாற்றி, இரண்டு பக்கப் பின்களையும் கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். வயருக்குள் மிச்சமிருக்கும் ஒயில் இன்னும் கொஞ்ச நாள் ஊறும். திரும்பவும் துடைக்கவேண்டி வரும்.

ஒயில் மட்டம் பார்க்க இந்தக் காரில் குச்சி கிடையாது. குழாயும் மூடியும் மட்டும் இருக்கும். குச்சியைத் தனியாக வாங்கவேண்டும். ஒயில் 80 பாகை சூட்டில் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கத்தான் மட்டம் பார்ப்பது. அந்தச் சூட்டை அறிய காரின் கணினிகளை வாசிக்கும், பென்ஸுக்கென்றே வரும் ஸ்கேனர் தேவை. ஃபோனில் பூட்டுகிற மலிவு ஸ்கேனர்கள் கியர்பெட்டியோடும் கூரையோடும் பேசாது, அவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

படி 3: தண்ணீர்

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பாருங்கள், அதுவேதான் ரேடியேற்றருக்குள்ளும் படியும். ஆகவே பாதிக்குப் பாதி கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும். ஓட்டிவந்த உடனே மூடியைத் திறக்காதீர்கள்.

படி 4: கூரை

மூன்று தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். டிக்கிக்குள் இருக்கும் மறைப்பு சரியாக விரிந்திராவிட்டால் கூரை அசையாது. சில வேளை 'பழுது' என்று விலை குறைத்துச் சொல்லும் காரில் பிரச்சினை அவ்வளவுதான். கூரையைத் தூக்கும் சிலிண்டரில் ஹைட்ரோலிக் ஒயில் பூசிய பளபளப்பு தெரிந்தால் அதன் சீல் போய்விட்டது.

மற்றதெல்லாம் வழமைதான்: 95 ஒக்டேன் பெற்றோல், ரயரின் வயது, சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்கள். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள், உப்புக்காற்று சக்கர வளைவுகளைத்தான் முதலில் தின்னும்.

பின்சேர்க்கை: கூரை ரப்பருக்குத் தேங்காயெண்ணெய் பூசலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். ரப்பர் ஊதும், புழுதியும் ஒட்டும். சிலிக்கன் கிறீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். இன்னொருவர் கூலன்டோடு கலக்கக் கடையில் 'பற்றரித் தண்ணி' கேட்க, அசிட் போத்தலை எடுத்துக் கொடுத்தார்களாம். நல்லகாலம், ஊற்றமுன் லேபலை வாசித்திருக்கிறார். 'டிஸ்டில்ட் வோட்டர்' என்றே கேட்டு வாங்குங்கள்.