ஒரே ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லி நினைவுகூர்வது எப்படி?

ஹோலோகாஸ்டில், அதாவது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையில், கொல்லப்பட்ட யூதக் குழந்தைகள் சுமார் 15 லட்சம் பேர். அந்த எண்ணை மனத்தில் நிறுத்தி அழக்கூட முடியவில்லை எனக்கு. அதனால் முதலில் ஒரு குழந்தையை, ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுங்கள்.

ஜெருசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவகத்தின் பெயர்த்தொகுப்பு 2004 முதல் இணையத்தில் இருக்கிறது, யாரும் தேடலாம். ஒரே பெயரைப் பலவிதமாக எழுதியிருப்பார்கள், ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பெற்றோர் பெயர், பிறந்த ஊர் என்று சாட்சிப் படிவங்கள் வரும், கொல்லப்பட்டவரைப் பற்றி அவரை அறிந்தவர்கள் நிரப்பிக் கொடுத்தவை. படிவத்தை நிரப்பியவர் குழந்தைக்கு என்ன உறவு என்பதையும் படியுங்கள். அக்காவா, சித்தப்பாவா? அந்தக் குடும்பத்தில் யார் மிஞ்சினார்கள் என்று அந்த ஒரு வரியில்தான் தெரியும்.

நான் நினைவுகூர்வது பெத்ர் கின்ஸ் என்ற பையனை. பிராக் நகரில் 1928 பிப்ரவரி 1 அன்று பிறந்தவன்.

அடுத்து, அவன் எப்படிச் செத்தான் என்பதற்கு முன்னால் எப்படி வாழ்ந்தான் என்று தேடுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தே ஆக வேண்டும் என்ற உத்தரவு 1941 செப்டம்பர் 19 அன்று பிராகில் அமலுக்கு வந்தது. அன்று பள்ளிக்குப் போகும் வழியில் நட்சத்திரம் அணிந்தவர்களை பெத்ர் எண்ணியிருக்கிறான். 69 பேர். நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறான். அதைப் படித்த நாள் முதல் அவன் எனக்குத் தெரிந்த பையன் ஆகிவிட்டான். 14 வயதில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரெசியென்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டான். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, கூட இருந்த பையன்களைச் சேர்த்துக்கொண்டு வாராவாரம் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினான். வெள்ளிக்கிழமை மாலைகளில் அதை உட்கார்ந்து வாசிப்பார்களாம்.

சரி, எந்த நாளில் நினைவுகூர்வது? இறந்த நாளில், முந்தைய மாலையிலிருந்து 24 மணி நேரம் எரியும் விளக்கு ஏற்றுவது யூத வழக்கம். ஆனால் பல குழந்தைகள் கொல்லப்பட்ட தேதியே தெரியாது. நான் பிறந்தநாளை எடுத்துக்கொண்டேன். பெத்ர் வரைந்த நிலா ஓவியத்தின் நகலை இஸ்ரேலிய விண்வெளி வீரர் இலான் ராமோன் கொலம்பியா விண்கலத்தில் கொண்டுபோனார். அந்த விண்கலம் சிதறியது 2003 பிப்ரவரி 1, பெத்ருக்கு 75 வயது ஆகியிருக்க வேண்டிய நாள்.

ஒவ்வொரு வருடமும் அன்று அந்த ஓவியத்தைப் பென்சிலால் பார்த்து வரைகிறேன். கூரான மலைகள், வானத்தில் பூமி. மலைகள் எனக்கு இன்னும் சரியாக வருவதில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த குழந்தைக்குப் பிடித்தது பாட்டோ கணக்கோ எதுவாகவும் இருக்கலாம், அதைச் செய்யுங்கள்.

இறந்தவர்களை நினைத்துச் சொல்லும் கதீஷ் பிரார்த்தனையை நான் சொல்வதில்லை. அது யூதர்கள் பத்துப் பேர் கூடிச் சொல்வது, அவர்களுடையது. பெயரைச் சரியான உச்சரிப்பில் வாய்விட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான். அந்தக் குழந்தையே பேசுவதுபோலக் கடிதம் எழுதாதீர்கள், புகைப்படத்துக்கு உயிர் கொடுத்து அசைய வைக்காதீர்கள். எழுதாத சொல்லை அவர்கள் வாயில் வைக்க நமக்கு உரிமை இல்லை.

அப்புறம், யாரிடமாவது அவனைப் பற்றிச் சொல்லும்போது “முகாமில் இறந்துபோனான்” என்று சொல்லாதீர்கள். 1944இல் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி மரண முகாமில் கொல்லப்பட்டான், அப்போது அவனுக்கு வயது 16 என்று சொல்லுங்கள்.