வேலைக்குப் போய்க்கொண்டே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 (தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வு) படிக்க நேரம் ஒதுக்குவது எப்படி?

'இந்த வருஷம் குரூப் 4 எழுதுவேன்' என்று மனதுக்குள் வைத்திருந்தால் நாள்தான் ஓடும். 'இந்த வாரம் ஏழாம் வகுப்புத் தமிழில் மூன்று இயல்' என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். மொத்தம் 200 கேள்வி, அதில் 100 தமிழ், அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் அதிகாலையில் தெளிவாக இருக்கும் முதல் ஒரு மணி நேரத்தைத் தமிழுக்கே கொடுங்கள். கணக்கு 25 கேள்விதான், ஆனாலும் தினமும் பத்து போடாமல் தூங்காதீர்கள். நடப்பு நிகழ்வுகளுக்குப் பேருந்துப் பயணமே போதும். அப்புறம், ஞாயிறன்று புதுப் பாடம் வேண்டாம். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரக் கணக்கில் எழுதிப் பாருங்கள். தப்பு எந்தப் பாடத்தில் அதிகமோ, அதுவே அடுத்த வார இலக்கு.