அடுத்தடுத்த மடங்குக் கணக்கு: காயை விட்டு மூட்டையை எண்ணுங்கள்

கொழிஞ்சாம்பாறைத் தோப்பிலிருந்து பொள்ளாச்சிக்கு மூன்று நாள் தேங்காய் ஏற்றுகிறார்கள். மூட்டைக்கு 80 காய். அரைகுறை மூட்டை கிடையாது. தினமும் முந்தின நாளைவிட ஒரு மூட்டை கூடுதல். மொத்தம் 1,680 காய். கடைசி நாள் போனது எத்தனை?

‘மடங்கு’ என்ற சொல்லே கணக்கில் இல்லை. ஆனாலும் இது 80-இன் அடுத்தடுத்த மூன்று மடங்குகளின் கூடுதல்தான். முதல் நாள் மூட்டைகளை ‘ம’ என்று வையுங்கள்.

80ம + 80(ம + 1) + 80(ம + 2) = 1,680
240ம + 240 = 1,680
ம = 6

பாதிப் பிள்ளைகள் 6 என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அது முதல் நாள் மூட்டைக் கணக்கு. கடைசி நாள் 8 மூட்டை, அதாவது 640 காய்.

இதைவிடப் பெரிய தவறு, ம, ம + 1, ம + 2 என்று எழுதுவது. அப்போது 559, 560, 561 வரும். கூட்டிப் பார்த்தால் அதே 1,680! சரிபார்த்தோம் என்ற திருப்தியோடு தப்பான விடையை எழுதிவிடலாம். அதனால் கூட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் 80-ஆல் வகுத்தும் பாருங்கள்.

முதல் நாள் காயையே ‘க’ என்று வைத்து க, க + 80, க + 160 என எழுதுவோரும் உண்டு. தவறில்லை, ஆனால் கேள்வியே பிசகினால் அது காட்டிக்கொடுக்காது. மொத்தம் 1,740 என்று கொடுத்தால் க = 500 என்று சமர்த்தாக விடை வரும்; 500 காயை 80 காய் மூட்டைகளாகக் கட்ட முடியாது. மூட்டை வழியில் போனால் ம = 6.25, உடனே குட்டு வெளிப்படும். மூன்று மடங்குகளின் கூடுதல் 240-ஆல் மீதியின்றி வகுபட்டே ஆக வேண்டும்.

மனக்கணக்குக்கு: 1,680 ÷ 3 = 560, இதுவே நடு எண். நான்கு நாள், மொத்தம் 2,080 என்றால் சராசரி 520. அது எந்த நாளின் எண்ணும் அல்ல. இருபுறமும் 40 தள்ளினால் 480, 560; வெளியே 400, 640.

‘ஒன்றுவிட்டு ஒன்று மடங்கு’ என்று கேட்டால் இடைவெளி 80 அல்ல, 160. 80ம, 80(ம + 2), 80(ம + 4) என்று தொடங்குங்கள்.