பசங்க ஹாக்கி மேட்ச்ல அடிபடாம இருக்க அம்பயர் என்ன பண்ணணும்
ஆட்டத்துக்கு முன்னாடியே ரெண்டு கோச்சையும் கூப்பிட்டு, இன்னிக்கு டேஞ்சர் பந்துக்கு விசில் உடனே வரும்னு சொல்லிடுங்க. ஷின் கார்டு (முன்னங்கால் காப்பு), மவுத் கார்டு (பல் காப்பு) இல்லாத பையன உள்ள விடாதீங்க, இதுல நான் ரொம்ப கறார்.

5 மீட்டருக்குள்ள நிக்கிறவன் மேல பந்தைத் தூக்கி அடிச்சா, அவன் மேல பட்டுச்சா படலையான்னு பாத்துட்டு நிக்காம ஊதிடுங்க.

பெனால்டி கார்னர்தான் (பின்கோட்டுல இருந்து பந்தைத் தள்ளிவிட்டு கோலுக்கு அடிக்கிற வாய்ப்பு) பெரிய பயம், முதல் ஷாட் ஹிட்டா, அதாவது ஸ்டிக்க வீசி அடிக்கிறதா இருந்தா கோல் பலகை உயரம், அதாவது 460 மில்லிமீட்டருக்கு மேல கோல் கோட்டைத் தாண்டக்கூடாது, ட்ராக் ஃபிளிக்குக்கு (பந்தை ஸ்டிக்கால இழுத்துட்டு வந்து தூக்கி விடுறது) அந்த வரம்பு இல்ல, ஆனா 5 மீட்டருக்குள்ள நிக்கிற டிஃபெண்டருக்கு முட்டியிலயோ அதுக்கு மேலயோ பட்டா ஃப்ரீ ஹிட் டிஃபென்ஸுக்குத்தான், கோச் கத்தினாலும் மாத்தாதீங்க.

சின்னப் பையன்தானேன்னு தப்புக்குக் காட்டுற பச்சை, மஞ்சள் அட்டையை பாக்கெட்லயே வைக்காதீங்க. பச்சைக்கு 2 நிமிஷம், மஞ்சளுக்கு குறைஞ்சது 5 நிமிஷம் வெளிய உக்காரட்டும்.