கைக்கு வந்த சிறு காட்டில் செய்யக்கூடாத தவறுகள்

பல ஆண்டுகளாக யாரும் எட்டிப் பார்க்காத இரண்டு மூன்று ஏக்கர் காட்டுத்துண்டு ஒருவர் கைக்கு வந்தால், முதலில் தோன்றும் எண்ணம் "இதைச் சுத்தம் பண்ணணும்" என்பதுதான். சாய்ந்து கிடக்கும் மரம், பின்னிய கொடி, நுழைய முடியாத முள்புதர். நாலு ஆளை வைத்து இரண்டே நாளில் எல்லாவற்றையும் வாரி ஒதுக்கிவிடலாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அடுத்த ஆண்டு குருவிச் சத்தம் மட்டும் கேட்காது. யாரும் கவனிக்காமல் விட்ட பத்து வருடங்களைவிட, புது உரிமையாளரின் முதல் ஆறு மாத ஆர்வம்தான் இப்படிப்பட்ட காடுகளை அதிகம் கெடுக்கிறது என்பது என் எண்ணம்.

அதனால் முதல் ஆண்டு அரிவாளை எடுக்காமல் இருப்பதே பெரிய வேலை. நோட்டும் பெயிண்டும் போதும். எந்த மரத்தில் பொந்து இருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, மரத்தடியில் எந்தச் செடி எப்போது பூக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் மரங்களாக இருந்தால் வெட்ட வேண்டியவற்றை இலை இருக்கும்போதே குறித்துவிட வேண்டும். இலை கொட்டிய பிறகு பட்ட மரமும் உயிர் மரமும் ஒன்று போலத்தான் நிற்கும். அவசரத்தில் தவறான மரத்தைச் சாய்த்துவிடுவோம்.

அடுத்த தவறு பட்ட மரத்தை வீண் என்று நினைப்பது. காய்ந்து நிற்கிறது, அப்படியே விறகாகும், முதலில் அதை வெட்டுவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் காட்டு உயிர்களில் ஐந்தில் ஒரு பங்காவது, வாழ்நாளின் ஏதோ ஒரு கட்டத்தில், இறந்த அல்லது இறந்துகொண்டிருக்கும் மரத்தை நம்பியிருக்கிறது. மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்துக்கு ஆந்தையோ அணிலோ வௌவாலோ குடிவரும். ஐரோப்பாவின் கலைமான் வண்டு புழுவாக மட்டுமே 3 முதல் 7 ஆண்டுகள் வரை மட்கும் மரத்துக்குள் கழிக்கிறது. அந்தக் கட்டையை நடுவில் தூக்கினால் அத்தனை வருடமும் போச்சு. நிற்கும் பட்ட மரத்தை நம்புவதும் விழுந்து கிடக்கும் கட்டையை நம்புவதும் வேறு வேறு உயிர்கள் என்பதால் இரண்டுமே தேவை. பாதையோரம் ஆள்மேல் விழக்கூடிய மரமா? முழுதாக எடுக்காமல் கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, மூன்று நான்கு மீட்டர் அடிமரத்தை நிற்கவிடலாம். விறகுக்கு நெருக்கமாக வளர்ந்த பச்சை மரங்களே போதும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சங்கதியைப் பலர் யோசிப்பதில்லை. வெட்டிய விறகைக் காட்டுக்குள்ளேயே அடுக்கிவிட்டு வெயில் காலம் கழித்து எடுத்துப் போகிறோம். அதற்குள் வண்டுகள் அதில் முட்டையிட்டிருக்கும், பல்லியும் முள்ளெலியும் அடியில் புகுந்திருக்கும். நாம் எரிப்பது அவற்றின் வீட்டை. விறகு என்று முடிவு செய்ததைச் சீக்கிரம் வெளியே கொண்டுபோய்விடுங்கள். உயிர்களுக்கு என்று விட்டதை எந்த வருடமும் தொடாதீர்கள்.

நெருக்கம் கலைக்கும்போது கை தாராளமாகிவிடும். வெளிச்சம் வேண்டும் என்று பாதி மரங்களை ஒரே மூச்சில் எடுத்தால் இரண்டு கேடு வரும். நெருக்கத்தில் வளர்ந்த மரம் ஒல்லியாக உயர்ந்து நிற்கும். பக்கத்து மரங்கள்தான் அதற்குக் காற்றுத்தடுப்பு. அவை போனதும் முதல் பெருங்காற்றிலேயே மிச்சமும் சாயும். சாயாமல் நின்றால் திடீர் வெளிச்சத்தில் முள்கொடியும் உண்ணிச்செடி போன்ற அந்நியப் புதர்களும் தரையை மூடி, மரக்கன்று எதையும் எழவிடாது. நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்து, அதன் தலையோடு முட்டுகிற ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, சில ஆண்டு விட்டுப் பார்ப்பதே சரி.

மரத்தைத் தரையை ஒட்டி வெட்டி, தூரிலிருந்து மறுதாம்பு விடுவது பழைய, அருமையான முறை. அகன்ற இலை மரங்கள் பலவும் வெட்டிய தூரிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். அதே தூரிலிருந்து திரும்பத் திரும்ப விறகு எடுக்கலாம். இங்கேதான் தவறுகளும் அதிகம். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் துளிர்க்காது, வெட்டினால் அவ்வளவுதான். பல பத்தாண்டுகள் வெட்டாமல் தடித்துப்போன தூரும் சில சமயம் துளிர்க்காமல் செத்துவிடும், ஆகவே முதலில் நாலைந்தில் சோதித்துப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டினால் சுற்றியுள்ள நிழலே துளிரைக் கொன்றுவிடும். காட்டைப் பத்துப் பன்னிரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சேர்த்து வெட்டி, அடுத்த ஆண்டு வேறு பகுதிக்குப் போக வேண்டும். அப்போது வெயில் படும் இளம் புதரும் அடர்ந்த நிழலும் ஒரே காட்டில் இருக்கும். பட்டாம்பூச்சிக்கு ஒன்று, கூடு கட்டும் பறவைக்கு இன்னொன்று. மரம் உறங்கும் பருவத்தில், பறவைகள் கூடு கட்டத் தொடங்கும் முன் வெட்டுங்கள். அப்புறம் வேலி. மானோ ஆடோ வருகிற இடத்தில் வேலி இல்லாத மறுதாம்பு அவற்றுக்குப் போட்ட தீனிதான். துளிர்க்கத் துளிர்க்க மேய்ந்தால் தூர் சில ஆண்டுகளில் பட்டுவிடும்.

எவ்வளவு விறகு கிடைக்கும் என்ற கணக்கிலும் ஆசை புகுந்துவிடும். மிதவெப்ப நாடுகளின் அகன்ற இலைக் காடு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 3 முதல் 6 கன மீட்டர் மரம் வளர்க்கும். இரண்டரை ஏக்கருக்கு அவ்வளவுதான். அதிலும் காட்டுயிருக்கு ஒரு பங்கு விட்டுவிட்டால், சின்னக் காடு ஒரு வீட்டின் முழுத் தேவையையும் தீர்க்காது என்பது புரியும்.

வெட்டிய விறகைப் பச்சையாக எரிப்பது அடுத்தது. பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர்தான். அடுப்பின் சூடு அதை ஆவியாக்கப் போகும், நெருப்பு மந்தமாகும், எரியாத புகை புகைபோக்கியில் தாராகப் படியும். ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். உருண்டையாகப் போட்டு வைத்தால் பட்டை ஈரத்தை வெளியே விடாது. பிளந்து, தரையில் படாமல் உயர்த்தி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். தார்ப்பாயால் சுற்றிக் கட்டினால் பூஞ்சைதான் வளரும். ஓக் போன்ற கடின மரத்துக்கு இரண்டு ஆண்டுகூட ஆகலாம். ஈரமானி வைத்திருப்பவர்கள் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்து ஏமாறக்கூடாது. ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள்.

விறகைத் தொலைவுக்கு அனுப்பவும் கூடாது. ஆஷ் மரத்தைக் கொல்லும் மரகத வண்டு 2002இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அது வெகுதூரம் பரவியதில் வண்டிகளில் போன விறகுக்குப் பெரிய பங்கு உண்டு.

சருகையும் சுள்ளியையும் கூட்டி எரிக்காதீர்கள். மரத்தின் சத்தில் பெரும்பகுதி இலையிலும் பட்டையிலும் சுள்ளியிலும்தான் இருக்கிறது. குவித்து வைத்தால் மட்கி மண்ணுக்கே போகும். மண் ஈரமாக இருக்கும்போது டிராக்டரை உள்ளே விடவும் வேண்டாம். மண் இறுகுவது பெரும்பாலும் முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடும் என்பதால், ஒரே தடத்தை வைத்துக்கொண்டு அதிலேயே போய்வர வேண்டும். வெற்றிடம் தெரிந்ததும் நாற்று வாங்கி நடுவதும் பெரும்பாலும் வீண் செலவு. மேய்ச்சலைத் தடுத்தால் விதை தானாக முளைக்கும்.

மரம் வெட்ட அனுமதி வேண்டுமா என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். சொந்த நிலமானாலும் பல நாடுகளில் அது தேவை. செயின்சாவோடு தனியாகக் காட்டுக்குள் போகக்கூடாது. வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டு தொங்கினால், அதன் அடியில் போய் நிற்பதும், அதைத் தாங்கி நிற்கும் மரத்தை வெட்டுவதும் உயிருக்கே உலை. நெருக்கமான காட்டில் இது அடிக்கடி நடக்கும். அப்படியே விட்டுவிட்டு, யாரும் அருகில் போகாதபடி கயிறு கட்டிவிட்டு, கப்பி வைத்து இழுக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.