கோதுமைத் தவிடு மஃபின்: ஊறவைத்தால்தான் மிருது

தவிட்டு மஃபின் தொண்டையில் அடைக்கிறது, வாயில் நெறுநெறுக்கிறது என்று ஒருமுறை சுட்டுப் பார்த்துவிட்டுக் கைவிடுபவர்கள் அதிகம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: தவிட்டை உலர்ந்தபடியே மாவோடு கலந்துவிடுவது. அந்த ஒரு படியைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் சாதாரண கேக் வேலைதான்.

முதலில் தவிடு. மளிகைக் கடையிலோ இணையத்திலோ மனிதர் உண்பதற்கென்று பொட்டலம் போட்டு விற்கும் கோதுமைத் தவிட்டையே வாங்குங்கள். மாட்டுத் தீவனக் கடையில் மலிவாகக் கிடைப்பது வேண்டாம். அது தூசி, கல் பார்த்துச் சுத்தம் செய்யப்பட்டதல்ல. அரிசித் தவிட்டையும் இதற்குப் பதிலாகப் போட முடியாது. அதில் எண்ணெய்ச் சத்து அதிகம், சீக்கிரம் சிக்குவாடை அடித்துவிடும். பெட்டியில் அடைத்து விற்கும் தவிட்டு சீரியலில் சர்க்கரையும் உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும். அதற்கென்று எழுதிய அளவை வெறும் தவிட்டுக்குப் பயன்படுத்தினால் கணக்கு உதைக்கும்.

12 மஃபினுக்கு: தவிடு 90 கிராம், கெட்டித் தயிர் 180 கிராம், தண்ணீர் 60 மி.லி., வெல்லம் 130 கிராம், அதைக் கரைக்கத் தனியாக 40 மி.லி. தண்ணீர், வாசனையில்லாத எண்ணெய் 80 மி.லி., முட்டை 1, மைதா 65 கிராம், கோதுமை மாவு 65 கிராம், ஆப்ப சோடா முக்கால் டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், உலர்திராட்சை 75 கிராம். தராசு இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பொடித்தவிடும் பருந்தவிடும் ஒரே கப்பில் ஒரே எடை வராது. முழுக்கக் கோதுமை மாவிலேயே செய்யலாமா என்றால் செய்யலாம், ஆனால் மஃபின் கனத்துப்போகும். பாதி மைதா இருப்பதே நல்லது.

தயிரையும் 60 மி.லி. தண்ணீரையும் அடித்து, தவிட்டைக் கொட்டிக் கிளறி மூடிவையுங்கள். பருந்தவிடாக இருந்தால் 20 நிமிடம், பொடியாக இருந்தால் 10 நிமிடம் போதும். தவிடு ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். ஊறாமல் ஓவனுக்குள் போனால் சுற்றியுள்ள மாவின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மாவு வறண்டு உதிரும், தவிடும் முழுதாக மென்மையாகாது. கரண்டியால் கோடு இழுத்தால் தயிர் தனியாகக் கசியக் கூடாது. ஒரு செதிலை விரல்களுக்கிடையே நசுக்கினால் முறுகல் தெரியக் கூடாது. அதுதான் பதம். கலவை உலர்ந்து கட்டியாகிவிட்டால் இன்னொரு மேசைக்கரண்டி தண்ணீர் விடுங்கள். இந்த நிலையில் வெல்லத்தைச் சேர்க்காதீர்கள்: இனிப்பும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தவிடு ஊற இன்னும் நேரமாகும்.

நம் வீட்டு நீர்மோரில் ஊறவைக்கலாமா? வேண்டாம். மேல்நாட்டுச் செய்முறைகளில் மோர் என்று வருவது நம் மோரைவிட நல்ல கெட்டி. நீர்மோரில் சோடாவோடு வேலைசெய்யப் போதிய புளிப்பும் இருக்காது.

தவிடு ஊறும் நேரத்தில் வெல்லத்தைத் தட்டி, 40 மி.லி. தண்ணீரில் கரையும்வரை மட்டும் சூடாக்கி வடிகட்டி, முழுதாக ஆறவையுங்கள். பாகு காய்ச்ச வேண்டியதில்லை. சூடாக ஊற்றினால் முட்டை வெந்து திரிந்துவிடும். திராட்சையை வெந்நீரில் 10 நிமிடம் போட்டு வடித்து ஒற்றியெடுங்கள். உலர்ந்த திராட்சையும் மாவின் ஈரத்தைக் குடிக்கும்.

ஓவனை 190 டிகிரி செல்சியஸில் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரியும்படி வைத்து, 15 நிமிடம் சூடாக்குங்கள். ஓடிஜி எனப்படும் சின்ன மின் ஓவன்களில் முகப்பில் காட்டும் எண்ணும் உள்ளிருக்கும் சூடும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. விலையுயர்ந்த மஃபின் தட்டைவிட உள்ளே வைக்கும் ஓவன் வெப்பமானி ஒன்று வாங்குவது உருப்படியான செலவு.

ஊறிய தவிட்டில் முட்டை, எண்ணெய், வெல்லக் கரைசல் சேர்த்து அடியுங்கள். மைதா, கோதுமை மாவு, சோடா, பேக்கிங் பவுடர், உப்பு எல்லாவற்றையும் தனியே சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சலிக்கும்போது கோதுமை மாவின் தவிடு சல்லடையில் தங்கினால் அதையும் உள்ளே கொட்டிவிடுங்கள். சோடாவைக் கரண்டியில் குவிக்காமல் தட்டையாக அளக்க வேண்டும். கூடினால் சோப்பு வாடை வரும். உலர்ந்ததை ஈரமானதில் போட்டு, மாவுத் திட்டு மறையும்வரை அடியிலிருந்து மேலாகப் புரட்டினால் போதும். மின்கலக்கி வேண்டாம், மரக்கரண்டியே சரி. அதிகம் கலக்கினால் பசைத்தன்மை கூடி, சுட்ட மஃபின் கூம்பாக எழும். வெட்டினால் உள்ளே நீளநீளமான பொந்துகள். கடைசியில் திராட்சை. மாவு இட்லி மாவைவிடக் கெட்டியாகவும் வடை மாவைவிடத் தளர்வாகவும் இருக்கும்.

குழிகளில் எண்ணெய் தடவியோ காகிதக் கிண்ணம் வைத்தோ முக்கால் அளவு நிரப்பி உடனே ஓவனுக்குள் வையுங்கள். தயிரைக் கண்டதும் சோடா வேலையைத் தொடங்கிவிடும். தாமதித்தால் எழுச்சி குறையும். நடு அடுக்கில் 18 முதல் 20 நிமிடம். முதல் 12 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது, நடு அமுங்கிவிடும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெல்லத்தால் சீக்கிரமே கறுத்துத் தெரியும். பல்குச்சி செருகிப் பாருங்கள்: ஈர மாவு ஒட்டாமல், ஓரிரு துணுக்கு ஒட்டினால் எடுத்துவிடலாம்.

தட்டிலேயே 5 நிமிடம், பிறகு கம்பிவலைக்கு. அதற்கு மேல் தட்டில் விட்டால் நீராவி தங்கி அடிப்பாகம் சொதசொதக்கும். சூடாக இருக்கும்போது காகிதத்தை உரித்தால் பாதி மஃபின் அதோடு வரும்.

பிற்சேர்க்கை: முட்டை சேர்க்காதவர்கள் 1 மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கலாம், உயரம் கொஞ்சம் குறையும். மைக்ரோவேவ் ஓவன் வைத்திருப்பவர்கள் கன்வெக்‌ஷன் முறையில் (விசிறி சூடான காற்றைச் சுழலவிடும் முறை), 180 டிகிரியில் சுடுங்கள். சாதாரண மைக்ரோவேவ் முறையில் மஃபின் ரப்பராகிவிடும். மிச்சத் தவிட்டைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். எடுக்கும்போது கசப்பு வாடை அடித்தால் குப்பைக்குத்தான்.